டிக் டிக் சத்தமெல்லாம் டப்பட் சத்தம் இல்லை

எஞ்சினில் இருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது என்று சொல்லிக்கொண்டு கொழும்பில் எந்த கராஜுக்குப் போனாலும் முதலில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: டப்பட், அதாவது எஞ்சினுக்குள் காற்றும் புகையும் போய்வர விடுகிற வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம், லூஸாகிவிட்டது. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். என்னுடைய எம்.டி. 90 விஷயத்தில் அது சரியாக இருக்கவில்லை. டப்பட்டை இறுக்கினார்கள், சத்தம் அப்படியே இருந்தது, அதோடு அதுவரை ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்த பைக் காலையில் எழும்ப மறுத்தது. இதைப் போல ஒரு சத்தத்தோடு அலைகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் நடந்ததை முழுதாக எழுதிவைக்கிறேன்.

எம்.டி. 90 தெரியாதவர்களுக்கு: ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டிய சிவப்பு நிற ஹொண்டா. 1958இல் வந்த சூப்பர் கப்பின் வழியில் வந்தது. ஒற்றை சிலிண்டர், அதுவும் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி முன்பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும், காற்றில்தான் ஆற வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தார்கள், அந்த இடைப்பட்ட காலத்தில் இப்படியான பழைய பைக்குகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு அது வெறும் வழியில்லாத் தனம் இல்லை, இந்த எஞ்சின் மேல் உண்மையான மரியாதை உண்டு. ஒழுங்காக ஒயில் மாற்றி, டப்பட் பார்த்து வந்தால் கேள்வி கேட்காமல் ஓடும்.

சத்தத்தை நான் முதலில் பிடித்தது காலி வீதியில். தனியாகப் போகும்போது தெரியாது. பஸ் ஒன்றின் பக்கத்தில் ஒட்டிப் போகும்போது அதன் தகரத்தில் பட்டுத் திரும்பி வரும், அப்போதுதான் ‘இது புதிசாக இருக்கே’ என்று தோன்றியது. எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கிலும் அப்படித்தான், நான்கு பக்கமும் சுவர் இருப்பதால் நன்றாகக் கேட்கும்.

கராஜில் “டப்பட் லூஸ் தம்பி, பத்து நிமிஷ வேலை” என்றார்கள். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே டப்பட் மூடி இரண்டையும் கழற்றி, இடைவெளி அளக்கிற தகடு (கேஜ்) எதுவும் வைக்காமல், கையால் ஆட்டிப் பார்த்து இறுக்கினார்கள். இந்த எஞ்சினுக்கு வால்வு இடைவெளி 0.05 மி.மீ., காற்று உள்ளே வருகிற இன்லெட்டுக்கும் புகை வெளியேறுகிற எக்ஸோஸ்டுக்கும் அதே அளவு, அதுவும் எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த நிலையில். ஒரு மெல்லிய தலைமுடியின் தடிப்புக்குக் கிட்டத்தான் வரும். அதை விரலால் அளந்து சரியாக வைக்க முடியாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. டப்பட் லூஸாக இருந்தால் சத்தம் போடும், கொஞ்சம் பவர் குறையும், அவ்வளவுதான், உடனே ஒன்றும் ஆகாது. அளவுக்கு மேல் இறுகினால் சத்தமே வராது, ஆனால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸோஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் மூடியிருக்கும் நேரத்தில் சீட்டில், அதாவது சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டில் அது உட்காருகிற வளையத்தில், பதிந்துதான் இறக்கிக்கொள்கிறது. பதியாவிட்டால் சூடு போக இடமில்லை, எரிகிற வாயுவும் அந்த இடுக்கால் பாய்ந்து வால்வின் விளிம்பைத் தின்னும். அதனால் ‘சத்தம் நிற்கும் வரை இறுக்கு’ என்கிற முறை எனக்குக் கோபத்தையே தருகிறது. சத்தம் போடுகிற டப்பட்டோடு மாதக்கணக்கில் ஓடலாம். இறுகிய டப்பட்டோடு ஓடினால் கடைசியில் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும்.

அடுத்த நாள் காலை கிக் அடித்தபோதே வித்தியாசம் காலில் தெரிந்தது. வழக்கமாகக் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் உள்ளே இருக்கிற காற்றை அமுக்குவது, வருகிற இடத்தில் கிக்கர் ஒரு தரம் எதிர்த்து நிற்கும், அதைத் தாண்டி மிதிக்க வேண்டும். அந்த எதிர்ப்பு பாதியாகக் குறைந்திருந்தது, கால் சும்மா இறங்கியது. ஒருவழியாக எழும்பினாலும் சிக்னலில் நிற்கும்போது சூடு ஏற ஏற ஐட்லிங் இறங்கி அணைந்துவிடும். டிக் டிக் மட்டும் போகவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தத்துக்கும் டப்பட்டுக்கும் சம்பந்தமே இல்லையோ என்று முதலில் இருந்து பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் ஒயில். ஹொண்டாவில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுச் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும், திருகி இறக்கிப் பார்த்தால் அளவு கூடக் காட்டும். ஒயில் சரியாக இருந்தது. ஸ்பார்க் பிளக் லூஸானாலும் இதே மாதிரி தட்டும், அதையும் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. டைமிங் செயின் என்றால் சத்தம் இவ்வளவு தெளிவாக, தனித்தனியாக வராது, ஒரு கரகரப்பு இடப்பக்கத்தில் இருந்து வரும், ரெவ்வை விடும்போது கூடுதலாகத் தெரியும். பிஸ்டன் தட்டினால் குளிரில் கேட்டு, சூடானதும் பிஸ்டன் விரிந்து குறைந்துவிடும். கனெக்டிங் ரொட் என்றால் ‘டிக்’ இல்லை, ஆழமான ‘டொக்’, அதைக் கேட்டால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

மிச்சம் இருந்தது சைலன்சர் லீக். இதையும் டப்பட்டையும் காதால் பிரிப்பது ஏன் கஷ்டம் என்றால், இரண்டும் ஒரே வேகத்தில் தட்டும். ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் வால்வுகளைத் திறக்கவைக்கிற கேம் தண்டு அதில் பாதிதான் சுற்றும், 750. ஒரு வால்வு விநாடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று தரம் திறந்து மூடும். புகை வெளியேறுவதும் எஞ்சினின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை. ஆக அதே எண்ணிக்கை, அதே தாளம். ஹெட்டும் சைலன்சரும் சேருகிற இடத்தில் சிறு இடைவெளி இருந்தால் ஒவ்வொரு தடவையும் வாயு அதன் வழியாக வெடுக்கென்று தெறிக்கும், காதுக்கு அது இரும்பில் இரும்பு தட்டுவது போலவே கேட்கும்.

வித்தியாசம் தெரிவது எஞ்சினுக்குச் சுமை ஏறும்போது. டப்பட் சத்தம் எஞ்சினின் வேகத்தோடு கூடும், சுமையைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாது. லீக் அப்படி இல்லை. தெஹிவளை மேம்பாலத்தில் பின்னால் ஆள் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு ஏறினேன், ஏறும்போது டிக் டிக் அதட்டலாகக் கேட்டது, உச்சியில் அக்சிலரேட்டரை விட்டதும் சட்டென்று அமுங்கியது. அங்கேயே பாதி சந்தேகம் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து, எஞ்சின் நன்றாக ஆறியபின் கீழே குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். இந்த எஞ்சினில் எக்ஸோஸ்ட் துளை அடிப்பக்கம் இருப்பதால் நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. சைலன்சரை ஹெட்டோடு பிடிக்கிற தட்டான ஃபிளாஞ்சின் ஒரு பக்கத்தில் இருந்து ஹெட்டின் விலாவில் கறுப்பாகக் கரி ஒரு கோடாகப் படிந்திருந்தது, விரலால் துடைத்தால் ஒட்டுகிறது. சவர்க்காரத் தண்ணீரைத் தடவி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் சூடேறுவதற்கு முன்பே அந்த இடத்தில் குமிழ் குமிழாக வந்தது. சைலன்சர் வாயைத் தடித்த துணியால் ஒரு கணம் அமுக்கிப் பிடித்தால் அந்த இடத்தில் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கூடியது. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் பிடியைக் காதில் வைத்து நுனியை டப்பட் மூடிகளில் வைத்துக் கேட்டேன், அங்கே ஒன்றும் இல்லை. இனிச் சந்தேகமில்லை.

ஏன் லீக் ஆனது என்றால், வெள்ளவத்தையில் கடற்பக்க லேன்களில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், இங்கே இரும்பு நிலைக்காது. உப்புக்காற்று கிரில்லைத் தின்னும், ஏசியைத் தின்னும். சைலன்சரைப் பிடித்திருக்கிற இரண்டு நட்டும் துருவேறி, ஒன்று தானாகவே இளகியிருந்தது. உள்ளே கேஸ்கட் வளையம் ஒரு பக்கம் எரிந்து போயிருந்தது.

நட்டைக் கழற்றுவதுதான் பயமான வேலை. ஸ்டட், அதாவது நட் ஏறியிருக்கிற மரைக் கம்பி, சின்னது, 6 மி.மீ.தான், அலுமினிய ஹெட்டில் பதிந்திருப்பது, முறிந்தால் பெரிய செலவு. துரு இளக்குகிற ஒயிலை இரவே அடித்துவைத்தேன். காலையில் 10ஆம் நம்பர் ஸ்பானரைப் போட்டு, நேரே கழற்றப் போகாமல் முதலில் ஒரு துளி இறுக்கும் பக்கம் தள்ளி, பிறகு கழற்றும் பக்கம், மறுபடி கொஞ்சம் உள்ளே, மறுபடி வெளியே என்று பொறுமையாகத்தான் எடுத்தேன்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். எம்.டி. 90 சாமான் வேறெங்கும் அலைந்து தேட வேண்டியதில்லை. கடையில் இருந்த நானா “பழைய வளையத்தக் கொண்டு வந்தீங்களா தம்பி? அது உள்ளுக்கே நசுங்கி ஒட்டிக் கிடக்கும், எடுக்காம மேல புதிசைப் போட்டுட்டு இன்னும் லீக் என்று வந்து நிப்பாங்க” என்றார். அவர் சொன்னது அருமையான விஷயம். துளைக்குள் பார்த்தால் பழையது ஹெட்டின் பகுதி போலவே தெரியும், கூரான ஒன்றால் நெம்பினால்தான் வரும். அதை எடுத்து, இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, புது வளையத்தை வைத்து, இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் ஃபிளாஞ்ச் சாய்ந்துவிடும். ஒருமுறை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பார்க்க வேண்டும், புது வளையம் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.

அப்புறம் டப்பட். இரவு முழுக்க ஆறவிட்டு, இடப்பக்க மூடியைக் கழற்றி, எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற சக்கரமான பிளைவீலை இடஞ்சுழியாகத் திருப்பி ‘டி’ கோட்டை எஞ்சினில் உள்ள குறிக்கு நேரே கொண்டுவந்தேன். இந்த இடத்தில் பிஸ்டன் மேலே இருக்கும், ஆனால் அது கம்ப்ரெஷனா இல்லையா என்று தெரிய வேண்டும். பொதுவாக வால்வைத் தள்ளுகிற ரொக்கர் இரண்டையும் ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். டப்பட் இறுகிப் போயிருந்தால் ரொக்கர் எந்த நிலையிலும் ஆடாது, அந்த வழி ஏமாற்றிவிடும். அதனால் மேலே உள்ள இன்லெட் ரொக்கரையே பார்த்துக்கொண்டு திருப்புங்கள். அது இறங்கி, முழுதாக மேலே வந்தபின் வருகிற ‘டி’தான் நமக்குத் தேவையானது.

0.05 தகட்டை விட்டுப் பார்த்தேன். இன்லெட்டில் சிரமப்பட்டு நுழைந்தது, எக்ஸோஸ்டில் நுனிகூடப் போகவில்லை. லொக் நட்டை இளக்கி, தகடு மெல்லிய பிடிப்போடு வழுக்கிப் போகிற மாதிரி வைத்து, நட்டை இறுக்கி, மறுபடி தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். இந்த மறுபடி பார்ப்பதை விடக்கூடாது, லொக் நட் இறுகும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பி அளவு மாறிவிடும்.

அன்றே கிக்கரில் பழைய எதிர்ப்பு திரும்பிவிட்டது. பம்பலப்பிட்டி சந்தியில் சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் ஐட்லிங் இறங்கவில்லை, பஸ் பக்கத்தில் போனாலும் அந்த அதட்டல் சத்தம் இல்லை. டப்பட்டின் மெல்லிய, சீரான கிளிக் கேட்கிறது. அது கேட்கத்தான் வேண்டும், அதை நான் தொடமாட்டேன். வால்வு எரியும் முன்பே பிடித்துவிட்டோம் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஸ்டட் ஒன்றின் மரை மட்டும் துருவில் தேய்ந்திருக்கிறது. இப்போதைக்குப் பிடிக்கிறது, அடுத்த ஒயில் மாற்றத்தோடு இரண்டு ஸ்டட்டையும் மாற்றி, துருப்பிடிக்காத நட் போடப்போகிறேன்.