ஐந்தாண்டுத் திட்டமும் அலைபாய்ந்த ஆர்டர்களும்

எங்கள் நிறுவனத்தின் உத்தி வகுக்கும் குழுவில் சேர்ந்த புதிதில், எதிர்காலத்தை ஓர் எக்ஸெல் தாளில் பிடித்துவிடலாம் என்று உண்மையாகவே நம்பினேன். மூன்று மாதம் உழைத்து ஐந்தாண்டுத் திட்டம் போட்டோம். அதில் ஒரு சின்ன முடிவு: காலாண்டின் கடைசி இரண்டு வாரம் டீலர்களுக்குக் கூடுதல் தள்ளுபடி.

ஆர்டர்கள் எகிறின. ஆலை உற்பத்தியைக் கூட்டியது. டீலர்களின் கிடங்குகள் நிரம்பிக் கிடந்ததால் அடுத்த காலாண்டில் ஆர்டர் படுத்துவிட்டது. உற்பத்தியைக் குறைத்தோம். அப்புறம் தட்டுப்பாடு. கேட்டதில் பாதிதான் வரும் என்று தெரிந்த டீலர்கள் இரண்டு மடங்காகக் கேட்டார்கள். அதை நிஜமான தேவை என்று எடுத்துக்கொண்டு மறுபடி உற்பத்தியைக் கூட்டினோம். கடைக்கு வந்து வாங்கியவர்களின் எண்ணிக்கையோ இத்தனைக்கும் நடுவில் பெரிதாக மாறவே இல்லை.

கூட்டத்துக்குக் கூட்டம் குற்றவாளியைத் தேடினோம். விற்பனைப் பிரிவு ஆலையைக் கைகாட்டியது, ஆலை டீலர்களைக் கைகாட்டியது.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான 'பீர் கேம்' என்ற பயிற்சி விளையாட்டைப் பற்றிப் படித்தேன். சில்லறைக்கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர் ஆடுவது. வாடிக்கையாளரின் தேவை ஒரே ஒரு முறை, வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து 8 ஆக உயரும். அதற்கே ஆலைக்கு வரும் ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கும். ஆடுபவர் எவரும் விவரம் இல்லாதவர் அல்ல. சரக்கு வரத் தாமதமாகிறது, பக்கத்தில் இருப்பவரின் ஆர்டரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான் காரணம். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, எங்கள் அலுவலகத்தை யாரோ பார்த்து எழுதியது போல.

அங்கிருந்து காம்ப்ளெக்ஸிட்டி தியரிக்குள் போனேன்; பல பகுதிகள் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டே இருக்கும் அமைப்புகளைப் பற்றிய துறை அது. 1999இல் ஐபிஎம்மில் இருந்தபோது மேலாண்மை ஆய்வாளர் டேவ் ஸ்னோடன் உருவாக்கிய கனெவின் சட்டகம் மிகவும் உதவியது; எந்த வகைச் சூழலில் எப்படி முடிவெடுப்பது என்று பிரித்துக் காட்டுவது அது. நுணுக்கமானது வேறு, சிக்கலானது வேறு என்கிறது அந்தச் சட்டகம். விமான எஞ்சினை நிபுணர் பிரித்து மாட்டலாம். சந்தை அப்படியல்ல, தொட்டுப் பார்த்தாலே மாறிவிடும். எனவே முதலில் சிறிதாகச் சோதித்து, நடப்பதைக் கவனித்து, பிறகு முடிவெடுக்க வேண்டும்.

தள்ளுபடியை இரண்டு மண்டலங்களில் மட்டும் நிறுத்தி, டீலர்களின் அன்றாட விற்பனையை ஆலை நேரடியாகப் பார்க்கும்படி செய்தோம். ஒன்றில் ஆர்டர்கள் மெல்ல அடங்கின. மற்றதில், தங்கள் விற்பனைப் பகுதியைக் குறைத்துவிடுவோமோ என்ற பயத்தில் டீலர்கள் கணக்கை மறைத்தார்கள். நாங்கள் நினைத்தே பார்க்காதது அது. இரண்டே மாதத்தில் அங்கே சோதனையை நிறுத்திவிட்டோம். நஷ்டமும் சிறியதாகவே இருந்தது.

நிர்வாகக் குழு இன்றும் ஐந்தாண்டு எண்ணைக் கேட்கிறது. சரி, கொடுக்கிறேன். கூடவே, இப்போது ஓடும் சோதனைகளையும், எந்த அறிகுறி தெரிந்தால் எதை நிறுத்துவோம் என்பதையும் எழுதி வைக்கிறேன்.