ராத்திரியில் பல் வலி பிடித்தால்

பல் வலி படுத்த பிறகுதான் உச்சத்துக்குப் போகும். படுத்ததும் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடி, ஏற்கெனவே வீங்கியிருக்கும் பல்லின் உள்சதையில் அழுத்தம் ஏறுகிறது. சுற்றிலும் கெட்டியான பல், வீங்க இடமில்லை. அதனால்தான் அந்தத் துடிப்பு. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் கொஞ்சம் தணியும்.

பல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வலியே ஓரளவு சொல்லிவிடும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுளீரென்று வந்து உடனே போனால், பெரும்பாலும் சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தாலே போதும். வலி நிமிஷக்கணக்கில் நின்றாலோ, சூடான காபி பட்டதும் துடிக்க ஆரம்பித்தாலோ, உள்சதை இனி தேறாது. கடிக்கும்போது அந்த ஒரு பல் மட்டும் உயர்ந்து நிற்பதாகத் தோன்றினால், கோளாறு வேர் நுனியைத் தாண்டி எலும்புப் பக்கம் போய்விட்டது. நாலு நாள் துடித்த பல் திடீரென்று அடங்கினால் குணமாகிவிட்டதாக நினைக்காதீர்கள். உள்சதையில் இருக்கும் நரம்பு செத்திருக்கும். சீழ் வைப்பது அதற்குப் பிறகுதான்.

விடியும்வரை சமாளிக்க, பெரியவர்களுக்கு இபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 500 மி.கி. இரண்டையும் சேர்த்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாம். அடுத்த வேளைக்கு 8 மணி நேரம் இடைவெளி. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், டெங்கு சந்தேகத்தோடு காய்ச்சலில் இருப்பவர்கள் இபுப்ரோஃபென் தொடவே கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான். மெடிக்கலில் தரும் அசெக்லோஃபெனாக் கூட்டு மாத்திரைக்குள் பாராசிட்டமால் 325 மி.கி. ஏற்கெனவே இருக்கும். அசெக்லோஃபெனாக்கும் இபுப்ரோஃபென் இனம்தான். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிராம்பு எண்ணெய் உதவும். ஒரு சொட்டைப் பஞ்சில் நனைத்துச் சொத்தைக் குழிக்குள் மட்டும் வையுங்கள். ஈறில் பட்டால் வெந்து புண்ணாகும். ஆஸ்பிரினை ஈறில் அடக்கினாலும் இதே கதைதான். வீங்கிய கன்னத்துக்கு வெளியே சூடான ஒத்தடம் கூடாது.

ஆன்டிபயாடிக் விஷயத்தை அழுத்தியே சொல்கிறேன். செத்த உள்சதைக்குள் ரத்த ஓட்டம் இல்லை; மருந்து அங்கே போய்ச் சேர வழியே கிடையாது. உள்சதை வலிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் அது தேவை. அப்போதும் சீழை வெளியேற்றும் சிகிச்சைக்குத் துணையாகத்தான். அஞ்சு நாள் மாத்திரையில் வீக்கம் வற்றியதென்று விட்டுவிட்டால், அதே பல் மறுபடி வீங்கும்.

கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எந்தப் பல் என்று உறுதி செய்வார்கள். பிறகு மரத்துப்போக ஊசி. சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மையோடு இருப்பதால் அந்த ஊசியில் இருக்கும் லிக்னோகெய்ன் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. கீழ்க் கடவாய்ப்பல்லில்தான் இந்தத் தொல்லை அதிகம். உதடு மரத்துவிட்டாலும் பல் மரத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வலித்தால் கையைத் தூக்குங்கள். பக்கத்தில் ஆர்டிகெய்ன் என்ற இன்னொரு மரப்பு ஊசியோ, பல்லுக்குள்ளேயே ஓர் ஊசியோ கூடுதலாகப் போடலாம். பல்லைத் திறந்ததும் சில சமயம் சீழ் தானாகவே வழியும், அந்த நிமிஷமே பாரம் இறங்கும். பிறகு வேர்க் குழாய்களை ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். ஈறில் சீழ் கட்டி நின்றால் கீறி வடிப்பார்கள். வேர் பிளந்திருந்தாலோ, அடைத்து நிறுத்தப் பல்லே மிச்சமில்லை என்றாலோ பிடுங்குவதுதான் வழி.

பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக்கூடாத நிலையும் உண்டு. தாடைக்குக் கீழே இரு பக்கமும் கல் மாதிரி வீக்கம், நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, குரல் அடைப்பது, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமை. கீழ்க் கடைசிப் பற்களின் சீழ் நாக்கின் அடியில் இறங்கி மூச்சுக்குழாயை நெருக்கும் அறிகுறிகள் இவை. மேல் பல் சீழில் கண்ணிமை மூடுமளவு வீங்கினாலும் ஆபத்துதான். 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும்.

பல்லைத் திறந்து தற்காலிகமாக அடைத்த பிறகு வலி போய்விடுவதால், பலர் திரும்பி வருவதே இல்லை. அந்த அடைப்பு சில வாரம்தான் தாங்கும். தேய்ந்து இடைவெளி விட்டதும் எச்சில் கசிந்து கிருமி மறுபடி உள்ளே போகும்; மெல்லும்போது பல் பிளந்தும் போகலாம். அடுத்த தேதியைக் கிளினிக்கிலேயே குறித்துக்கொண்டு கிளம்புங்கள். வேர் சிகிச்சை (ரூட் கேனால்) முடிந்த கடவாய்ப்பல் என்றால் பெரும்பாலும் பல்லை மூடும் கேப்பும் போட வேண்டியிருக்கும்.