சீனாய் மலையில் எண்ணித் தீராத படிகள்

சீனாய் மலையடிவாரத்தில், பேரரசர் ஜஸ்டினியன் 6ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த புனித கத்தரீனா மடத்தில், ஒரு சிறிய ஓவியத்தின் முன் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். பொன்னிறப் பின்னணியில் ஓர் ஏணி சாய்வாக எழுகிறது. அதன் உச்சியில் கிறிஸ்து காத்திருக்கிறார். ஏறிச் செல்லும் துறவிகளைக் கறுத்த சிறு பிசாசுகள் பற்றி இழுக்கின்றன. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஓவியத்தில் விழுகிறவர்கள் எல்லாரும் புதிதாக ஏறத் தொடங்கியவர்கள் அல்லர். வெகுதூரம் ஏறியவர்களும் தலைகுப்புற விழுகிறார்கள்.

40 ஆண்டுகள் தனிமையில் தவம் செய்து, பின்னர் இம்மடத்தின் தலைவரான யோவான் கிளிமாக்குஸ், ஆவிக்குரிய வாழ்வை 30 படிகளாக வகுத்து எழுதிய நூலே அந்த ஓவியத்துக்கு மூலம். உலகத்தைத் துறப்பது முதற்படி. விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் இறுதிப்படி. ஆணவத்தை அவர் தொடக்கத்தில் வைக்கவில்லை, 23ஆம் படியில்தான் வைத்திருக்கிறார். ஏறாதவனுக்கு ஏறியதைப் பற்றிய ஆணவம் எங்கிருந்து வரும்?

என்னை உறுத்தியது 9ஆம் படி: பிறர் செய்த தீங்கை மறவாமல் மனத்தில் வைத்திருத்தல். இருபது ஆண்டுகளாக நான் விசுவாசி. வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை எத்தனை முறை வாசித்தேன் என்பதைக் குறித்துவைத்திருக்கிறேன். உறவினர் ஒருவர் சபைநடுவே என்னை இகழ்ந்த நாளையும் அதே துல்லியத்தோடு நினைவில் வைத்திருக்கிறேன். முதற்கணக்கு கூடக்கூட இரண்டாவது குறையவில்லை என்பதை, வெட்கத்தோடு, அங்கேதான் உணர்ந்தேன்.

மறுநாள் விடியுமுன், பெதூயின் என்னும் பாலைவன அரபுக் குடியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவருடன், துறவிகள் அமைத்த கற்படிகளின் வழியே ஏறினேன். ஏறத்தாழ 3,750 படிகள் என்று கேள்விப்பட்டிருந்ததால் (என் பழக்கம் விடுமா?) எண்ணத் தொடங்கினேன். அறுநூறுக்கு அப்பால் மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை தவறியது. மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி, மீண்டும் தவறவிட்டேன். வழியில் ஒரு கல்வளைவு உண்டு. முற்காலத்தில் ஸ்தேவான் என்னும் துறவி அங்கே அமர்ந்து, ஏறிவருவோரின் பாவ அறிக்கையைக் கேட்டபின்பே மேலே அனுப்பினாராம். அவ்வளைவின் கீழே அந்த உறவினரின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். மனம் முழுவதும் இளகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனாலும், அவருக்காக நான் ஏறெடுத்த முதல் ஜெபம் அது.

2,285 மீட்டர் உயரத்திலுள்ள உச்சியில், குளிரில் விரல்கள் விறைக்க, யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தை வாசித்தேன். மோசே மலையிலிருந்து இறங்கியபோது அவனுடைய முகம் பிரகாசித்தது. அதை அவன் அறியவில்லை. கண்டவர்கள் ஆரோனும் இஸ்ரவேல் புத்திரரும்தான். தன் வளர்ச்சியைத் தானே அளந்து பார்க்கும் வசதி அவ்வளவு பெரிய தீர்க்கதரிசிக்கும் இருக்கவில்லை. "கிருபையிலும் அவரை அறிகிற அறிவிலும் வளருங்கள்" என்று எழுதிய பேதுருவும் அதற்கு அளவுகோல் எதையும் தரவில்லை.

இறங்கும்போது முழங்கால்கள் நடுங்கின. வழிகாட்டி எனக்காக அடிக்கடி நின்று காத்திருந்தார். அந்தக் கல்வளைவை மறுபடி கடந்தபோதுதான், அதுவரை ஒரு படியைக்கூட நான் எண்ணவில்லை என்பது நினைவுக்கு வந்தது.