குதிக்கால் ஊசியும் துவாய்ச் சுருளும்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடி ஆணியில் மிதித்தது போல இருக்கும், பத்து அடி நடந்தால் கொஞ்சம் இளகும், பின்னேரம் பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது திரும்பவும் தொடங்கும். குதிக்கால் நோ வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எட்டு மாதம் சிலிப்பர் மாற்றி, ஐஸ் வைத்து, ஆளாளுக்குச் சொன்ன எண்ணெயெல்லாம் பூசிக் களைத்த பிறகுதான் ஊசிக்குச் சம்மதித்தேன்.

ஊசி போடுகிற டொக்டர் அந்தத் தனியார் இடத்துக்குச் சனிக்கிழமைகளில் மட்டும்தான் வருவார். போனில் நம்பர் எடுத்து, கொக்குவிலில் இருந்து ஓட்டோ பிடித்துப் போய், இரண்டரை மணித்தியாலம் காத்திருந்து உள்ளே கூப்பிடும் நேரத்தில் கவுண்டர் பிள்ளை கேட்கிறா: "அக்கா, சுகர் றிப்போட் எங்கை?" எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, ஸ்டீரொயிட் ஊசி போட்டால் சில நாளைக்குச் சீனி ஏறும், அதனால் றிப்போட் பார்க்காமல் போடமாட்டார்களாம். நியாயம்தான். "போனிலை ஒருத்தரும் சொல்லேல்லையே பிள்ளை?" என்றால், "நீங்கள் கேக்கேல்லையே அக்கா." வந்த வழியே நொண்டிக்கொண்டு வீடு. ஓட்டோக் காசைவிட அந்தப் பதில்தான் இன்னும் எரிகிறது. சீனி இருப்பவர்கள் கேட்காவிட்டாலும் றிப்போட்டைக் கொண்டு போங்கள், குடிக்கிற மருந்துகளின் பெயரையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

அடுத்த சனி ஊசி போட்டாயிற்று. ஸ்கானில் பார்த்துக்கொண்டு குதியின் உட்பக்கமாக ஏற்றினார்கள். பல்லைக் கடித்தால் முடிந்துவிடும். போகும்போது கையில் ஒரு போட்டோகொப்பித் துண்டைத் தந்தார்கள். எல்லாம் ஆங்கிலம், படங்கள் கறுத்துப்போய் எது கால் எது படி என்றே தெரியவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன், மறந்தேன்.

பிழை அங்கேதான். ஒரு கிழமையில் நோ பறந்துவிட்டது. நல்லூர்க் கொடியேற்றம் முடிந்திருந்த நேரம், எனக்கோ புதுக் கால் கிடைத்த புளுகம், தேரன்று விடியவே வெறுங்காலோடு வெளிக்கிட்டு நடந்தே போய் வந்தேன். முருகன் ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன். ஐப்பசியில் ஒரு காலை, பழைய ஆணி பழைய இடத்தில்.

திரும்பப் போனபோது டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "பயிற்சி செய்தனீங்களோ?" கைப்பையில் இருந்த துண்டை எடுத்துக் காட்டவே வெட்கமாக இருந்தது. ஊசி நோவைச் சில கிழமைக்கு அடக்கும், அந்த இடைவெளியில் பாதத்தின் அடிச்சவ்வைப் பலப்படுத்தாவிட்டால் காசு கரி என்றார். இதை முதல் நாளே யாராவது தமிழில் சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லது! இரண்டாவது ஊசி போட்டு, சில நாள் கால் ஆற விட்டு, இந்தமுறை நேரே பிசியோ மிஸ்ஸிடம்.

அவ சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. விறாந்தைப் படி விளிம்பில் நின்று, துவாயைச் சுருட்டிக் கால்விரல்களுக்குக் கீழே வைத்து விரல்கள் மேல்நோக்கி வளைந்து நிற்க, நோகிற காலால் மட்டும் 3 எண்ணிக் குதியைத் தூக்கி எழும்பி, 2 எண்ணி நின்று, 3 எண்ணி இறங்க வேண்டும். 12 தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். இலேசானதும் முதுகில் பாரம்: நான் மகளின் ஏ.எல். புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு எழும்பினேன், அவள் படித்ததைவிட நான் சுமந்ததுதான் கூட. 2014இல் டென்மார்க்கில் இந்தப் பயிற்சியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களாம். வெறுமனே நீட்டி இழுக்கிற பயிற்சியைவிட மூன்று மாதத்தில் நல்ல பலன், ஒரு வருடத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதாம். ஒரு வருடம் பொறுக்கிற ஆளா நான்?

முதல் மூன்று கிழமை ஒரு வித்தியாசமும் இல்லை, துவாயைத் தூக்கி எறியலாம் என்றே நினைத்தேன். ஏழாம் கிழமை ஒரு விடியற்காலை குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, இன்றைக்கு நான் சுவரைப் பிடிக்கவேயில்லை.

தை மாதம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு நாள் முழுக்க நிற்க வேண்டுமே என்று முன்னெச்சரிக்கையாக இன்னொரு ஊசி கேட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகவும், குதியின் கொழுப்பு மெத்தை தேய்ந்துபோகவும் கூடும் என்று டொக்டர் மறுத்துவிட்டார். சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றேன், ஒன்றும் நடக்கவில்லை. துவாய் இன்னும் படியில்தான் கிடக்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் அதில் கால் துடைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள்.