முதலில் இறங்கிப் பார்த்தவர்

விமானப்படை அதிகாரி மெஹர் சிங்கின் பெயர் எனக்குப் பழகியது சண்டிகரில், ஏஎன்-32 சரக்கு விமானங்களுக்கு இன்ஜின் பார்த்த காலத்தில்தான். தாம்பரத்துப் பயிற்சியில் அவரைப் பற்றிக் கேட்டதாக நினைவில்லை. லடாக்கிலுள்ள லே போய்வரும் விமானத்தில் கைவைத்த பிறகுதான் அவர் யாரென்று புரிந்தது. விமானப்படையில் 'மெஹர் பாபா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

லே ஓடுதளம் கடல்மட்டத்துக்கு 10,600 அடிக்கும் மேலே. காற்று அங்கே மெலிசு. இன்ஜின் முழு வேகத்தில் சுழன்றாலும் சமவெளியில் கிடைக்கும் விசை கிடைக்காது. வெயில் ஏறினால் இன்னும் மோசம், பள்ளத்தாக்கில் காற்று வேறு கிளம்பிவிடும். அதனால் இருட்டிலேயே வேலை தொடங்கும். தபால் பை, காய்கறி மூட்டை, மண்ணெண்ணெய் பீப்பாய் என்று ஒவ்வொன்றுக்கும் எடைக் கணக்கு உண்டு. லேயில் இன்ஜினை அணைக்காமலே சரக்கை இறக்குவதும் உண்டு. அணைத்தபின் அந்தக் குளிரில் அது முரண்டு பிடித்தால், சரிசெய்ய எங்களில் ஒருவன்தான் போயாக வேண்டும்!

எங்களுக்காவது வானிலை அறிக்கை, ரேடியோ, பழகிய பாதை எல்லாம் இருந்தன. காஷ்மீர் போர் நடந்துகொண்டிருந்த 1948 மே 24 அன்று மெஹர் சிங் அங்கே இறங்கியது டகோட்டா என்ற பழைய சரக்கு விமானத்தில். கேபினில் காற்றழுத்தம் கிடையாது, இறக்கையில் உறையும் பனியை நீக்கக் கருவி கிடையாது, அந்தப் பாதையில் அதற்குமுன் யாரும் போனதும் கிடையாது. சோனம் நோர்பு என்ற லடாக்கிப் பொறியாளர் உள்ளூர் மக்களை வைத்து, சிந்து நதிப் பக்கம் நிலத்தைச் சமன்செய்து வைத்திருந்தார். அதுதான் ஓடுதளம். உடன் வந்தவர் மேஜர் ஜெனரல் திம்மையா. அடுத்தடுத்த விமானங்களில் கூர்க்கா வீரர்கள் வந்து சேர, லே பாகிஸ்தான் தரப்பின் கைக்குப் போகாமல் தப்பியது.

இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது 'அசட்டுத் துணிச்சல்' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அசட்டுத் துணிச்சல்காரரின் விமானத்துக்குக் கையெழுத்துப் போடவே மெக்கானிக் தயங்குவான். இவர் வேறு ரகம். பிரிட்டனின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயின்று 1936-இல் அதிகாரியானவர், வஜீரிஸ்தான் மலைகளில் பறந்தவர், பர்மாவில் 6-ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் போர் விமானங்களை நடத்தி 1944-இல் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது வாங்கியவர். அதே காஷ்மீர் போரில் முற்றுகையில் கிடந்த பூஞ்ச் நகரின் குட்டை ஓடுதளத்திலும் முதலில் தானே இறங்கிப் பார்த்தார். அப்புறம்தான் மற்ற விமானிகள். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இரவிலும் அங்கே டகோட்டாக்கள் இறங்கின, மலைப் பீரங்கிகளோடு. எவ்வளவு எடை தாங்கும், எங்கே பிரேக் போட வேண்டும் என்பதைத் தன் கையால் தெரிந்துகொண்டு உத்தரவு போடும் கமாண்டர் கிடைத்தால், கீழே வேலை செய்பவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். நான் பார்த்த அதிகாரிகளில் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

1948-லேயே அவர் விமானப்படையை விட்டு விலகிவிட்டார். மகாவீர் சக்ரா பெற்ற அவர் 1952 மார்ச்சில், ஜம்முவிலிருந்து டெல்லிக்குச் சிறு விமானம் ஒன்றை ஓட்டி வந்தபோது புயலில் சிக்கி இறந்தார். வயது 37 கூட நிறையவில்லை.

2018-இல் விமானப்படை ஒரு ட்ரோன் போட்டியைத் தொடங்கி அதற்கு மெஹர் பாபா என்று பெயர் வைத்தது. மரியாதைதான், சரி. ஆனாலும் ஆளில்லாமல் பறக்கும் ஒன்றுக்குப் போய் அவர் பெயரா என்று எங்கள் பழைய கூட்டத்தில் இன்னும் கேலி பேசிக்கொண்டிருக்கிறோம்.