சிவப்பு நட்சத்திரம்

ஏப்ரல் 29, 2025, செவ்வாய்

ஆன்லைன் வேலை விண்ணப்பத்தில் இன்றும் அதே கட்டம். 'பட்டம்' என்று போட்டு, பக்கத்தில் சிவப்பில் ஒரு நட்சத்திரக் குறி. அழுத்தினால் மூன்று வரிகள் விழுகின்றன: இளநிலை, முதுநிலை, முனைவர். 'இல்லை' என்று ஒரு வரி இல்லை. எதையும் தொடாமல் விட்டால் கீழே உள்ள பொத்தான் சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது. முனைவர் என்று போட்டுவிடலாமா என ஒரு நிமிடம் தோன்றியது. மூடிவிட்டேன்.

மீனாட்சி கோயிலில் கொடியேற்றம்.

ஏப்ரல் 30

கீழமாசி வீதியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடை. பில் போடும் நான்கு கம்ப்யூட்டரும் நின்றுவிட்டன என்று அண்ணன் என்னை அனுப்பினார். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் எல்லா விளக்கும் மூச்சுவிடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தன. பார்த்ததுமே புரிந்துவிட்டது. கடையைப் பெருக்கிய பையன், கீழே கிடந்த கேபிள் முனையைக் காலியான ஓட்டையில் செருகி வைத்திருக்கிறான். மறுமுனையும் அதே சுவிட்சில்தான். எல்லா மெஷினுக்கும் போகிற பிராட்காஸ்ட் தகவல் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, வேறு எதற்கும் வழிவிடவில்லை. இப்படி ஆகாமல் தடுக்கத்தான் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-லேயே ஸ்பானிங் ட்ரீ என்ற முறையைக் கண்டுபிடித்தார். மலிவான சுவிட்சில் அது கிடையாது. கேபிளை உருவினேன். அவ்வளவுதான் வேலை.

"தம்பி எந்தக் காலேஜு?" என்றார் முதலாளி. அரைக் கிலோ துவரம்பருப்பு கட்டிக்கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 2

நாளை காலை 5 மணிக்கு சிசிஎன்ஏ பரீட்சை, சிஸ்கோ கம்பெனி தரும் நெட்வொர்க் சான்றிதழுக்கு. வீட்டிலிருந்தே. அந்த நேரத்தில்தான் தெரு அடங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். இப்போது ஒவ்வொன்றாகப் பயம் வருகிறது. கரண்ட் போனால்? முக்குக் கோயில் ஸ்பீக்கரை நாலரைக்கே போட்டால்? நடுவில் யாராவது அறைக்குள் வந்தால் பரீட்சையையே ரத்து செய்துவிடுவார்களாம். சிசிஎன்ஏ-வுக்கு 300 டாலர். வரியோடு சேர்த்தால் முப்பதாயிரத்தை ஒட்டி வந்துவிட்டது. அம்மா சீட்டைத் தள்ளி எடுத்த பணம். எவ்வளவு தள்ளினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தூக்கம் வரவில்லை. நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கும் கணக்குதான் மனதில் ஓடுகிறது. /26 என்றால் 64 முகவரி, மெஷின்களுக்குக் கொடுக்க 62. /27 என்றால் 32, 30. அம்மா கட்டி வைத்த பூப்பந்தைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத்தான் பிரிகிறது.

மே 3

எழுதிவிட்டேன். அறையின் நான்கு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். முருகன் காலண்டர், அரிசி மூட்டை எல்லாம் போயிருக்கிறது. 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பிப் போக முடியாது. ரவுட்டர்கள் வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் முறை பற்றிய கேள்வி ஒன்றில் அவசரப்பட்டுவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. எத்தனை எடுத்தால் பாஸ் என்பதை சிஸ்கோ வெளியே சொல்வதே இல்லை. அதனால் கணக்குப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை.

கதவைத் திறந்தால் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பால்காரர், கீரைக்காரம்மா, எதிர்வீட்டு நாய் வரைக்கும் வாயில் விரலை வைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

மே 4

பாஸ்.

"அப்ப இது டிகிரி மாதிரியாய்யா?" என்றாள் அம்மா. மூன்று வருடத்துக்குத்தான் செல்லும் என்று நான் சொல்லவில்லை.

மே 7

இலந்தைகுளம் எல்காட் ஐடி பார்க்கில் இன்டர்வியூ. நாங்கள் கேமரா மாட்டிய வீட்டு சார்தான் உள்ளே பேசி வரச் சொன்னார். இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்க முடியாது.

கேள்வி கேட்டவர் நல்ல மாதிரி. 'ஒரு சிஸ்டத்தில் 169.254-ல் ஆரம்பிக்கும் ஐபி முகவரி காட்டுகிறது, முதலில் எதைப் பார்ப்பாய்' என்றார். முகவரி கொடுக்க வேண்டிய டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, மெஷின் தானாகவே ஒரு முகவரி போட்டுக்கொண்டது, முதலில் கேபிளைப் பார்ப்பேன் என்றேன். பலசரக்குக் கடைக் கதையைச் சொன்னதும் சிரித்தார். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை.

அப்புறம் ஒரு பெண் வந்து பேப்பரில் ஃபாரம் கொடுத்தார். பட்டம். அதே நட்சத்திரம், ஜெராக்ஸில் கறுத்துப்போய். பேப்பர் என்பதால் எழுத இடமாவது இருந்தது. 'இரண்டாம் ஆண்டு வரை' என்று எழுதினேன். அவர் அதை மட்டும் இரண்டு தடவை படித்தார். "திங்கள், செவ்வாய்ல கூப்பிடுவோம்."

மே 8

திருக்கல்யாணம். பிளஸ் டூ ரிசல்ட்டும் இன்றே. பக்கத்து வீட்டுப் பெண் நல்ல மார்க். தென்காசியில் ஸோகோ சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் ஸ்கூலைப் பற்றி அவள் அம்மாவிடம் சொன்னேன்: டிகிரி கேட்க மாட்டார்கள், ஃபீஸ் கிடையாது, படிக்கும்போதே மாதாமாதம் பணமும் தருவார்கள். எனக்கு அது தெரியவந்தபோது வயது தாண்டிவிட்டது.

"டிகிரி இல்லாம என்னப்பா, நாளைக்கு ஒருத்தர் மதிக்கணும்ல" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்கும். உடனே காபி குடிக்கிறியா என்று கேட்டார்.

குடித்தேன்.

மே 10

சார்ஜரை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தனை ஜனத்துக்கு டவர் எப்படித் தாங்கும்? ஏழு மணி வரை போனில் ஒரு புள்ளிகூட இல்லை. அதற்குள் கூப்பிட்டிருப்பார்களோ என்று ஆற்றுக்குள் நின்றுகொண்டு அதையே நினைத்தேன். சாமியைச் சரியாகப் பார்க்கவில்லை. இன்று உள்ளூர் விடுமுறை என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மே 13

தெரியாத நம்பர். ஓடிப்போய் எடுத்தேன். பெர்சனல் லோன் வேண்டுமா சார்.

மே 14

வில்லாபுரத்தில் கேமரா வேலை. ஏணி மேல் நின்றுகொண்டிருந்தபோது பையில் அதிர்ந்தது. ஒரு கையில் டிரில். இறங்கி எடுப்பதற்குள் கட். 0452 நம்பர். மூன்று தடவை திருப்பி அடித்தேன், மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "என்னடா, ஏறுறியா இல்லையா" என்கிறார்.