40 மணி நேர விடுப்பைக் கொடுத்த கதை

அமெரிக்க மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 11 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சென்ற டிசம்பர் இறுதியில், சக ஊழியர் ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதாகவும், சேமிப்பில் இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து ஊதியமில்லா விடுப்பில் போய்விட்டதாகவும், அவருடைய சம்மதத்துடன் மனிதவளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஓர் ஊழியர் தம் விடுப்பை இன்னொருவருக்குக் கொடுக்க இடமளிக்கும், 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விடுப்பு மாற்றுத் திட்டத்தில் அவருடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தது.

என் கணக்கில் 600 மணி நேரத்துக்கு மேல் நோய் விடுப்பு கிடந்ததால், அதிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம் என்று எண்ணிக்கொண்டு எழுதினேன். ஆண்டு விடுப்பை மட்டுமே கொடுக்க முடியும் என்று பதில் வந்தது. நோய்க்கென்று சேர்த்த விடுப்பு நோயாளிக்கு உதவாது என்ற விதி எனக்கு இன்றும் விளங்கவில்லை.

விடுப்பைக் கொடுப்பதற்கான 630-ஏ என்ற படிவம் ஒரு பக்கம்தான், கணக்குதான் இடித்தது. ஓராண்டில் ஈட்டும் ஆண்டு விடுப்பில் பாதி வரை கொடுக்கலாம் என்பதால், 160 மணி நேரம் ஈட்டும் எனக்கு உச்சவரம்பு 80. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லக்கூடிய 240 மணி நேரத்துக்கு மேல் என்னிடம் 52 மணி நேரம் இருந்தது. அது எப்படியும் காலாவதியாகிவிடும், முழுவதையும் கொடுத்துவிடலாம் என்று எழுதி அனுப்பினேன். ஆனால் அப்படிக் காலாவதியாகும் விடுப்பு உள்ளவர்கள், விடுப்பு ஆண்டு முடிவதற்குள் தாங்கள் பணி செய்ய வேண்டிய நேரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாதாம். எனக்கு 5 வேலை நாள்களே எஞ்சியிருந்தன. ஆகவே 40 மணி நேரம். “இன்றே கையெழுத்திட்டு அனுப்புங்கள், ஒரு நாள் தள்ளினால் 8 மணி நேரம் குறையும்” என்றார் மனிதவளப் பிரிவு அம்மையார். அன்று மாலைக்குள் அனுப்பிவிட்டேன். நவம்பரிலேயே கேட்டிருந்தால் இந்த ஓட்டம் இருந்திருக்காது.

அவ்வாறு கிடைத்த விடுப்பை, அந்தச் சக ஊழியர் முன்பே ஊதியமின்றி இருந்த நாள்களுக்கும் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மே மாதச் சம்பளச் சீட்டில் என் விடுப்புக் கணக்கில் 3 மணி நேரம் கூடியிருந்தது. பயன்படாத விடுப்பு, கொடுத்தவர்களுக்கே பங்கிட்டுத் திரும்பும். அது நோயாளி குணமாகிப் பணிக்கு வந்தாலும் திரும்பும், இறந்துவிட்டாலும் திரும்பும். எதனால் என்று சீட்டில் இராது. எழுந்து அவருடைய மேசைப் பக்கம் நடந்தேன். தலையில் துணி சுற்றிக்கொண்டு, யாருடனோ தொலைபேசியில் ஒரு கோப்பு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்.